நிரூபிக்கப்படாத கொலைகள், மாற்றப்படாத பெயர்: 1957-இன் ஜெர்மன் குற்றப்படம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

ராபர்ட் சியோட்மாக் இயக்கிய 'நாக்ட்ஸ், வென் டெர் டாய்ஃபெல் காம்' 1957-இல் மேற்கு ஜெர்மனியில் வெளிவந்தது. தமிழில் 'சாத்தான் வந்த இரவில்' எனலாம். போருக்குப் பிந்தைய ஜெர்மன் குற்றப்படங்களில் நாஜி ஆட்சியை நேராக நின்று குற்றம் சாட்டிய படம் இது. அதே படம், நாஜி காவல் துறை ஒரு மனிதர் தலையில் கட்டிய கொலைகளை உண்மையென்று நம்பி, அவருடைய சொந்தப் பெயரோடு அவரைக் கொலையாளியாகக் காட்டியது. ஆட்சியை நம்பாதவர்கள் அந்த ஆட்சியின் காவல் கோப்பில் இருந்ததை எப்படி நம்பினார்கள் என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

கொலையுண்ட பெண்களின் பெயர்களும், விசாரணையை நடத்திய அதிகாரிகளின் பெயர்களும் இங்கே தரப்படவில்லை. படத்தில் பெயர் சொல்லப்பட்ட புரூனோ லூட்கேயை மட்டும் பெயர் சொல்லியே எழுத வேண்டியிருக்கிறது. அவர் மீது விழுந்த பழியும், பின்னாளில் அது களையப்பட்டதும் அந்தப் பெயரில்தான் நடந்தன.

பின்னணி: கோப்பெனிக், 1908 முதல் 1942 வரை

லூட்கே பெர்லினின் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள கோப்பெனிக்கில் 1908-இல் பிறந்தார். அறிவு வளர்ச்சி குறைந்தவர் என்று சிறப்புப் பள்ளியில் சேர்க்கப்பட்டவர். குடும்பத்துக்குச் சலவைத் தொழில். வெளுத்த துணிகளைக் குதிரை வண்டியில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது இவர் வேலை. ஊரார் அவரை 'மந்தபுத்தி புரூனோ' என்ற பொருளில் கேலிப் பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். காவல் துறைக்கு அவர் ஏற்கெனவே தெரிந்தவர்தான், ஆனால் சில்லறைத் திருட்டுகளுக்காக.

1933 ஜூலையில் இயற்றப்பட்ட நாஜிச் சட்டம் ஒன்று, 'பரம்பரை நோய்' உள்ளவர்களாக முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய வழி வைத்தது. அந்தச் சட்டத்தின் கீழ் சுமார் 4 லட்சம் பேருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. லூட்கேக்கு 1940-இல் நடந்தது. ஆக, கொலைக் குற்றச்சாட்டு எழுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 'பரம்பரை நோய் உள்ளவர்' என்று அரசு அவரைப் பற்றி எழுதி வைத்துவிட்டது. பிற்பாடு நடந்த விசாரணை இந்த முத்திரையின் மேல்தான் எழுப்பப்பட்டது.

காவல் துறையின் அமைப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குற்றப்பிரிவுக் காவல் 1939-இலேயே நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ். அமைப்பின் ரைஷ் (ஜெர்மன் அரசு) பாதுகாப்புத் தலைமை அலுவலகத்துக்குள் ஐந்தாம் துறையாகச் சேர்க்கப்பட்டது. அதன் தலைவர் ஆர்தர் நேபெ, 1941-இல் கிழக்குப் போர்முனையில் படுகொலைகளை நடத்திய கொலைப்படைகளில் ஒன்றுக்குத் தலைமை தாங்கியவர். எஸ்.எஸ்ஸிலிருந்து விலகி நின்ற, தொழில்நேர்மை கெடாத குற்றப்பிரிவு என்று ஒன்று 1943-இல் இருக்கவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து வந்த படம் இந்த இடத்தில்தான் முதலில் தடுக்கி விழுந்தது.

நடந்தது: 1943 ஜனவரி முதல் 1944 ஏப்ரல் வரை

1943 ஜனவரி இறுதியில் கோப்பெனிக்கை ஒட்டிய காட்டில் ஒரு பெண்ணின் உடல் கிடந்தது. கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள். அக்கம்பக்கத்தில் சந்தேகத்துக்குரியவர்கள் யார் என்று காவலர்கள் தேடியபோது, காட்டுப் பக்கம் சுற்றித் திரிபவர், சிறு திருட்டுகளில் மாட்டியவர், பேச்சுத் தெளிவில்லாதவர் என்று லூட்கே கண்ணில் பட்டார். மார்ச் 18 அன்று கைது செய்தார்கள். அந்தக் கொலையை அவர் ஒப்புக்கொண்டதாகப் பதிவானது.

விஷயம் அதோடு நின்றிருந்தால் இது ஒற்றை வழக்காகவே போயிருக்கும். நாடெங்கும் துப்புக் கிடைக்காமல் கிடப்பில் கிடந்த பெண் கொலை வழக்குகளைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக அவரிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சம்பவ இடங்களுக்கே அவரை அழைத்துப் போய், அங்கேயும் ஒப்புதல் வாங்கினார்கள். கடைசியில் கணக்கு 84 கொலை வரை ஏறியது. அதில் ஐம்பதுக்குச் சற்று மேற்பட்டவற்றை அவர் செய்ததாகவே காவல் துறை எழுதி முடித்தது.

இத்தகைய ஒப்புதல் எப்படி விளைகிறது என்பது விசாரணைத் தொழில் அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் அதிகாரம் உள்ளவர் எதிர்பார்க்கும் பதிலை முகம் பார்த்தே தெரிந்துகொண்டு சொல்வார்கள். 'கத்தியா, கயிறா' என்று கேட்டால் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். தவறாகச் சொன்னால் அதிகாரியின் முகம் மாறும், உடனே மற்றதைச் சொல்வார்கள். சம்பவ இடத்துக்கு அழைத்துப் போகும்போது வண்டி எங்கே நிற்கிறது, அதிகாரிகள் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்பதே போதுமான குறிப்பு. பிறகு அந்தப் பதில்கள் அதிகாரியின் கையால் ஒழுங்கான வாக்கியங்களாக எழுதப்படும். கேள்விகள் தாளில் இருக்காது. பதில்கள் மட்டுமே, அவரே கோவையாகச் சொன்னது போல நிற்கும். அந்தத் தாளைப் படிப்பவருக்கு விவரம் யாரிடமிருந்து முதலில் வந்தது என்று தெரிய வழியே இல்லை.

கோப்பில் இருந்தது ஒப்புதல் மட்டும்தான். அவரைக் கொலையோடு இணைக்கும் கைரேகை இல்லை, கண்ணால் கண்ட சாட்சி இல்லை, பொருள் தடயம் இல்லை. கொலை நடந்த முறைகளும் ஒன்றுபோல இல்லை: ஓரிடத்தில் கழுத்து நெரிப்பு, ஓரிடத்தில் கத்திக்குத்து, ஓரிடத்தில் அடித்துக் கொன்றது. ஊர்களோ நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. சலவைத் துணி வண்டியோட்டியபடி கோப்பெனிக்கில் வாழ்ந்த ஒருவர், யார் கண்ணிலும் படாமல், பல ஆண்டுகளாக இவ்வளவு தூரம் போய் வந்தார் என்பதை யாரும் நிறுவவில்லை.

அப்போதே சந்தேகம் எழுப்பியவர்கள் இருந்தார்கள். தங்கள் பகுதிக் கொலைகளை லூட்கே செய்ததாக ஏற்க முடியாது என்று ஹாம்பர்க் குற்றப்பிரிவு அதிகாரி ஒருவர் மறுத்தார். அதே சீருடை, அதே காலம், கையில் அதே கோப்பு. ஆனாலும் அவருக்கு அது பொருந்தாமல் தெரிந்தது. ஆகவே 1943-இல் இதைக் கண்டுபிடிக்க முடியாமல் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

வழக்கு நீதிமன்றத்துக்கே போகவில்லை. லூட்கேயை வியன்னாவில் இருந்த பாதுகாப்புக் காவல் துறையின் குற்ற மருத்துவ நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். 'பிறவிக் குற்றவாளி' என்ற கோட்பாட்டுக்கு அவரை ஓர் மாதிரியாக வைத்து அளந்தார்கள், படமெடுத்தார்கள், அவர் உடலில் சோதனைகள் செய்தார்கள். 1944 ஏப்ரல் 8 அன்று அங்கேயே கொல்லப்பட்டார். குறுக்கு விசாரணை, வழக்கறிஞர், தீர்ப்பு என்று எதுவும் இல்லாமலே கோப்பு மூடப்பட்டது.

கோப்பு கதையாக மாறியது: 1949 முதல் 1957 வரை

1949-50-இல் 'டெர் ஷ்பீகல்' இதழ் நேபெயையும் அவர் காலத்துக் குற்றப்பிரிவையும் பற்றி நீண்ட தொடர் ஒன்றை வெளியிட்டது. எழுதியவர் பெர்ன்ஹார்ட் வேனர், எஸ்.எஸ். பதவி வகித்தவர், ரைஷ் குற்றப்பிரிவுத் தலைமையகத்தில் பணியாற்றியவர். தொடரில் அவர் பெயர் போடப்படவில்லை. குற்றப்பிரிவினர் தொழில் தெரிந்த நல்ல போலீஸ்காரர்கள், தீமையெல்லாம் மேலே இருந்த அரசியல்வாதிகளிடமும் எஸ்.எஸ். தலைவர்களிடமும்தான் என்பது அதன் போக்கு. லூட்கே வழக்கு அதில் குற்றப்பிரிவின் பெரும் கண்டுபிடிப்பாகவும், மேலிடம் மூடி மறைத்த பெரும் ரகசியமாகவும் வந்தது. போருக்குப் பிறகு வேலையைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டிய ஒரு துறைக்கு இதைவிட வசதியான கதை கிடைக்காது.

அடுத்து வில் பெர்டோல்ட் 'ம்யூன்ஷ்னர் இல்லுஸ்ட்ரியர்ட்டெ' வார இதழில் இதை 'உண்மைச் சம்பவ'த் தொடராக எழுதினார். நாவல் போல உரையாடலும் காட்சியுமாக எழுதி, மேலே 'உண்மை' என்று அச்சிடும் வகை அது. அக்கால ஜெர்மன் வார இதழ்களில் மிகவும் விற்றது. பின்னர் நூலாகவும் வந்தது. படத்துக்கு மூலம் இந்தத் தொடர்தான். வெர்னர் யோர்க் லூடெக்கெ திரைக்கதை எழுதினார்.

காவல் கோப்பு, முன்னாள் அதிகாரியின் நினைவு, வார இதழ்த் தொடர், திரைக்கதை என்று கதை கைமாறி வந்த வழியில், முந்தைய கை தந்ததை அடுத்த கை திரும்பிப் போய்ச் சரிபார்க்கவில்லை. நான்கு இடங்களில் ஒரே செய்தி இருப்பது நான்கு சான்றுகள் போலத் தோன்றியது. உண்மையில் இருந்தது ஒரே ஊற்று.

படத்தில் எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சியோட்மாக் 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறி, பாரிஸ் வழியாக ஹாலிவுட் போய், 1940-களில் அங்கே இருள் நிறைந்த குற்றப்படங்களின் தலைசிறந்த கைகளில் ஒருவராக விளங்கியவர். திரும்பி வந்து 1955-இல் எடுத்த படத்துக்கு பெர்லின் திரைப்பட விழாவின் முதன்மை விருதான தங்கக் கரடி கிடைத்தது. கிராமத்து அழகையும் காதலையும் காட்டும் படங்கள் கொடிகட்டிப் பறந்த சந்தையில், நாஜி காலத்தைப் பற்றிப் பேச அவர் குற்றப்பட வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். அரசியல் படம் என்றால் திரையரங்குக்கு வராத கூட்டம் கொலைப்படம் என்றால் வரும். அது சரியான கணக்கு.

கதையை 1943-இன் கோப்பெனிக்கிலிருந்து 1944-இன் ஹாம்பர்குக்கு மாற்றினார்கள். விமானத் தாக்குதல் நேரத்தில் உணவகப் பணிப்பெண் ஒருத்தி கொல்லப்படுகிறாள். அவளுடைய ஆண் நண்பரான வில்லி கோயின் என்ற நாஜிக் கட்சிக்காரர் மாட்டிக்கொள்கிறார். போர்முனையில் காயம்பட்டுத் திரும்பிய குற்றப்பிரிவு அதிகாரி கெர்ஸ்டன் (கிளவுஸ் ஹோல்ம்) இதைத் தோண்டிப் போய் லூட்கேயைக் கண்டுபிடிக்கிறார். எஸ்.எஸ். தலைவர் ரோஸ்டோர்ஃப் (ஹன்னெஸ் மெஸ்ஸெமர்) முதலில் மகிழ்ச்சியடைகிறார்: மனநலம் குன்றியவர்களை ஒழிக்கும் சட்டத்துக்கு இந்த வழக்கை ஆதாரமாகக் காட்டலாம். பிறகு மேலிடத்து உத்தரவு வருகிறது. நாஜி ஆட்சியில் இத்தனை காலம் ஒரு கொலையாளி பிடிபடாமல் திரிந்தான் என்பது வெளியே வரக்கூடாது. அப்படி ஒரு வழக்கே இல்லை என்று முடிக்கிறார்கள். நிரபராதியான கோயின் தப்பியோட முயன்றபோது சுடப்பட்டதாகச் சொல்லிக் கொல்லப்படுகிறார். கெர்ஸ்டன் பதவி பறிக்கப்பட்டுப் போர்முனைக்கு அனுப்பப்படுகிறார்.

இந்தப் படத்தின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொலையாளி யார் என்ற மர்மம் இதில் கிடையாது. தொடக்கத்திலேயே லூட்கேயின் கைகளை நாம் பார்த்துவிடுகிறோம். பார்வையாளரைப் பிடித்து வைப்பது வேறொரு கேள்வி: உண்மை தெரிந்த பிறகு இந்த அரசு அதை என்ன செய்யும்? திரைக்கதைத் தொழிலில் இது அபாரமான திருப்பம். புதிரை விடுவிப்பதோடு முடிகிற கதை, இங்கே விடுவித்த பிறகுதான் தொடங்குகிறது. ஆனால் இந்த இயந்திரம் ஓடுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. லூட்கே குற்றவாளி என்பதில் பார்வையாளருக்கு இம்மியும் சந்தேகம் வரக்கூடாது. சந்தேகம் வந்தால் கெர்ஸ்டனின் நேர்மை தளரும், கோயினின் சாவு தரும் அதிர்ச்சி குறையும், ரோஸ்டோர்ஃபின் அயோக்கியத்தனம் மங்கும். எனவே ஒப்புதல் வாக்குமூலத்தைக் கேள்வி கேட்கும் இடம் இந்தக் கதையில் இருக்கவே முடியாது. கோப்பில் இருந்த ஓட்டையைப் பார்க்காமல் போனது கவனக்குறைவு மட்டுமல்ல, கதையின் கட்டுமானமே அதைப் பார்க்க விடவில்லை.

இதன் விளைவு கொடியது. அரசு ஒரு நிரபராதியை விசாரணையின்றிக் கொன்றது என்று படம் நெஞ்சில் அறைகிறது. அந்த நிரபராதியாக அது காட்டுவது கற்பனைப் பாத்திரமான கோயினை. நிஜத்தில் விசாரணையின்றிக் கொல்லப்பட்டவரோ அதே திரையில் கொலைகாரராக நிற்கிறார்.

கெர்ஸ்டன், ரோஸ்டோர்ஃப், கோயின் எல்லாம் புனைந்த பெயர்கள். ஊரையும் ஆண்டையும் மாற்றத் தயங்காதவர்கள் லூட்கேயின் பெயரை மட்டும் மாற்றவில்லை. 'உண்மைக் கதை' என்ற விற்பனை வலு அந்தப் பெயரில் இருந்தது. எதிர்த்துப் பேச அவர் உயிரோடு இல்லை. அவர் குற்றவாளி என்பதில் அன்று பொதுவெளியில் பெரிதாக ஐயமும் இல்லை. மூன்றும் சேர்ந்து அந்த முடிவை எளிதாக்கின.

லூட்கேயாக நடித்த மாரியோ அடோர்ஃபுக்கு அப்போது வயது இருபத்தாறை ஒட்டி. அகன்ற தோள், சிறுபிள்ளைச் சிரிப்பு, சட்டென்று வெறுமையாகும் கண். அரக்கனாகக் காட்டாமல், தான் செய்வது இன்னதென்று புரியாத மனிதராக நடித்தார். நடிப்பு என்ற அளவில் இன்றும் உலுக்குகிறது. அந்த நடிப்பு சிறந்ததாக இருந்ததாலேயே பொய்யும் ஆழமாகப் பதிந்தது. லூட்கே என்றால் அடோர்ஃபின் முகம்தான் என்று ஒரு தலைமுறைக்கே ஆகிவிட்டது.

பின்விளைவு: 1958 முதல் 1994 வரை

1958-இன் ஜெர்மன் திரைப்பட விருதுகளை இந்தப் படம் அள்ளியது. அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது. நம் 'மதர் இந்தியா' இருந்த அதே பட்டியல்தான். விருது ஃபெலினியின் 'நைட்ஸ் ஆஃப் கபீரியா'வுக்குப் போனது.

குற்றவியல் நூல்களிலும் கொலையாளிகள் பட்டியல்களிலும் லூட்கே ஜெர்மனியின் மிகப் பெரிய தொடர் கொலையாளியாக இடம்பிடித்தார். அங்கெல்லாம் எண்ணிக்கை மாறியதே தவிர, அடிப்படை மாறவில்லை. கொலையுண்ட பெண்களுக்கு நேர்ந்ததையும் இங்கே மறக்கக்கூடாது. அந்த வழக்குகள் 'முடிந்தவை' ஆகிவிட்டன. உண்மையில் கொன்றவர்களைத் தேட யாருக்கும் காரணம் இல்லாமல் போனது.

திரும்பிப் பார்த்தது

ராட்டர்டாம் காவல் துறையில் உயர் பதவி வகித்து ஓய்வுபெற்ற யான் பிளாவ், மூல ஆவணங்களுக்கே திரும்பிப் போனார். 1994-இல் தன் முடிவை நூலாக வெளியிட்டார்: லூட்கே இக்கொலைகளைச் செய்தார் என்று நம்ப ஆதாரம் இல்லை. பிளாவ் செய்தது புதிய தடயத்தைக் கண்டுபிடித்ததல்ல. ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாகப் பிரித்து, ஒப்புதலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தார். எதுவும் மிஞ்சவில்லை. கொலை வழக்குகளை நடத்திய அனுபவமுள்ள ஒருவர், இன்னொரு காவல் துறையின் வேலையைத் தொழில்முறையில் சோதித்தார். அந்தச் சோதனையை யாரேனும் 1949-இலோ 1957-இலோ செய்திருக்கலாம்.

ஆக்ஸெல் டோஸ்மான், சுசானெ ரேகெனர் ஆகிய ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட நூல் இன்னொரு படி போனது. லூட்கே குற்றவாளியா இல்லையா என்பதோடு நில்லாமல், காவல் துறைப் புகைப்படங்கள் தொடங்கி இதழ்களும் திரைப்படமும் வரை சேர்ந்து ஒரு 'குற்றவாளி'யை எப்படித் தயாரித்தன என்று விரிவாகக் காட்டியது. 2021-இல் கோப்பெனிக்கில், நாஜி ஆட்சியில் கொல்லப்பட்டவர்களுக்காகப் பதிக்கப்படும் பித்தளை நினைவுக்கற்களில் ஒன்று லூட்கேக்காகப் பதிக்கப்பட்டது. கொலைகாரர் பட்டியலில் இருந்த பெயர், கொல்லப்பட்டவர் பட்டியலுக்கு வர 77 ஆண்டுகள் ஆயின.

எதை வேறாகச் செய்திருக்க வேண்டும்

முதலாவது பெயர். மற்றப் பாத்திரங்களுக்குச் செய்ததைப் போல இவருக்கும் புனைபெயர் வைத்திருந்தால், படத்தின் காட்சி, வேகம், அரசியல் கூர்மை எதுவும் குறைந்திருக்காது. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாத ஒருவரை, அதுவும் விசாரித்தவர்களின் காவலிலேயே இறந்தவரை, குற்றவாளியாகப் பெயர் சொல்லிக் காட்டுவதில்லை என்பது உண்மைச் சம்பவப் படம் எடுப்பவர்களுக்கு அடிப்படை விதியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது ஊற்றைச் சரிபார்ப்பது. ஒரு செய்தி எத்தனை இடத்தில் வந்திருக்கிறது என்று எண்ணுவதைவிட, அவை எல்லாம் எங்கிருந்து கிளம்பின என்று பின்னோக்கிப் போக வேண்டும். இந்த வழக்கில் அப்படிப் போனவர் 1943-இன் விசாரணை அறை வாசலில் போய் நின்றிருப்பார். அங்கே கேட்க வேண்டியவை சிலவே. குற்றவாளிக்கு மட்டும் தெரிந்திருக்கக்கூடிய விவரம் எதையாவது காவலர் சொல்வதற்கு முன் அவர் சொன்னாரா? சொன்னதை வைத்துப் புதிதாக ஒரு பொருளேனும் கிடைத்ததா? கொலை நடந்த நாளில் அவர் அந்த ஊரில் இருந்தார் என்று மூன்றாம் நபர் யாராவது சொன்னாரா? இவற்றுக்கு ஆம் என்று ஒரு பதில்கூட இல்லாத ஒப்புதலை வைத்துத் திரைக்கதை எழுதலாம்; 'உண்மை' என்று விளம்பரம் செய்யக்கூடாது.

மூன்றாவது, இப்போதும் செய்யக்கூடியது. படத்தை முடக்கத் தேவையில்லை. 1957-இல் இப்படி ஒரு படம் எடுக்கத் துணிந்தது பெரிய காரியம்தான். நாஜி அரசு தன் குடிமக்களை என்ன செய்தது என்பதை ஜெர்மன் பார்வையாளர் முன் அது வைத்தது. அந்த மதிப்பு குறையவில்லை. ஆனால் திரைப்படக் கழகங்களில் திரையிடும்போதும், வட்டிலோ இணையத்திலோ வெளியிடும்போதும், படம் தொடங்கும் முன் நான்கு வரிச் செய்தி கட்டாயம் வர வேண்டும்: லூட்கே என்பவர் நிஜ மனிதர், அவர் மீது எந்தக் கொலையும் நிரூபிக்கப்படவில்லை, நாஜி காவல் துறையின் பிடியில் விசாரணையின்றிக் கொல்லப்பட்டார், படத்தில் வரும் அவரது குற்றங்கள் அதே காவல் துறையின் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. அறிமுகக் குறிப்பைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் போடுவது போதாது. அடோர்ஃபின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அது கண்ணில் பட வேண்டும். பார்த்த பிறகு சொன்னால் யாரும் கேட்பதில்லை.